மின்சாரக் காரில் சீட் ஹீட்டர் மாற்றினேன்

ஜனவரி இரண்டாவது வாரம், ஒட்டாவா. காலை ஏழு மணிக்கு வெளியே மைனஸ் 22 டிகிரி. காரில் ஏறி, ஓட்டுநர் சீட்டைச் சூடாக்கும் ஹீட்டரின் பொத்தானை அழுத்தினேன். மூன்று விளக்குகளும் எரிந்தன, நாலைந்து நொடியில் மூன்றும் அணைந்துவிட்டன. மறுபடி அழுத்தினேன், அதே கதைதான். ஆனால் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தபோது விளக்கு அணையாமல் நின்றது. அடுத்த வேகத்தடையில் கார் குலுங்கியதும் போய்விட்டது. சாய்ந்து உட்கார்ந்தால் வேலை செய்கிறது என்றால் உள்ளே எங்கோ கம்பி அறுந்து, முனைகள் தொட்டும் தொடாமலும் இருக்கின்றன என்று அப்போதே மனதில் பட்டது.

பெட்ரோல் காராக இருந்தால் வசந்தம் வரும்வரை விட்டிருப்பேன். அங்கே எஞ்சின் எப்படியும் வீணாக்கும் வெப்பம்தான் உள்ளே வருகிறது. மின்காரில் உள்ளே வரும் ஒவ்வொரு துளிச் சூடும் ஓட்டத்துக்கான பேட்டரியிலிருந்து எடுத்தது. என் காரில் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் கிளம்பும்போது 4, 5 கிலோவாட் இழுப்பதைத் திரையிலேயே பார்க்கலாம். சூடேறிய பிறகும் கடும் குளிரில் 2 கிலோவாட்டுக்குக் குறைவதில்லை. சீட் ஹீட்டரோ உட்காரும் பகுதி, முதுகுப் பகுதி இரண்டும் சேர்ந்தே 100 வாட்டுக்குள். அரை மணி நேரப் பயணத்தில் காற்று ஹீட்டருக்கு 1 யூனிட் போகிறது என்றால் சீட்டுக்கு அதில் இருபதில் ஒரு பங்குதான். அந்த ஒரு யூனிட்டில் என் கார் குளிர்காலத்தில்கூட நாலைந்து கிலோமீட்டர் ஓடும். 2025 பிப்ரவரியில் கனடாவின் வாகன ஓட்டிகள் சங்கமான சிஏஏ, ஒட்டாவாவிலிருந்து கியூபெக்கின் மோன் ட்ராம்ப்லான் வரை மின்கார்களை ஓட்டிப் பார்த்தபோது, முழு சார்ஜில் ஓடும் என்று அறிவிக்கப்பட்ட தூரத்தில் 14 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது. அந்த இழப்பில் ஒரு பங்கையாவது நம் கையால் பிடித்து நிறுத்த முடிகிற இடம் இந்தச் சீட்தான். காற்றை 17 டிகிரியில் வைத்துக்கொண்டு, சீட்டை இரண்டாம் நிலையில் போட்டுக்கொண்டு ஒட்டாவாவின் புறநகரான கனாட்டாவிலிருந்து நகரத்துக்குப் போய்வருவது எனக்குப் பழகிப்போன ஒன்று. அது போனதும் காற்றை 22க்கு ஏற்ற வேண்டியதாயிற்று.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். ஹீட்டர் மெத்தையை (சூடேற்றும் கம்பி ஓடும் துணி) மட்டும் மாற்றித் தர மாட்டார்களாம். ஃபோம், ஹீட்டர், கவர் எல்லாம் சேர்ந்த மொத்த அடிப்பகுதியையும் மாற்ற வேண்டும், கூலி தனி என்று ஒரு தொகை சொன்னார்கள். நல்ல ஃபோமையும் கிழியாத கவரையும் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. நானே கழற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஆனால் எதையும் கழற்றும் முன் அளந்து பார்க்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். விளக்கு அணைகிறது என்பதற்காக நேரே ஹீட்டர் வாங்கி, சீட்டைப் பிரித்த பிறகு கோளாறு ஃபியூஸிலோ கனெக்டரிலோ இருந்தது தெரிந்தால் ஒரு நாள் உழைப்பும் பணமும் வீண். முதலில் ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. காரின் கோளாறு கண்டறியும் சாக்கெட்டில் ரீடரைச் செருகியபோது ஓட்டுநர் சீட்டின் உட்காரும் பகுதி ஹீட்டரில் மின்சுற்று துண்டிப்பு என்ற பிழைக் குறி வந்தது. அப்புறம் காரை அணைத்துவிட்டு, சீட்டின் அடியில் கையை விட்டு ஹீட்டர் கனெக்டரை மட்டும் கழற்றினேன். சீட்டின் அடியில் மஞ்சள் கனெக்டர் ஒன்று இருக்கும். அது பக்கவாட்டு ஏர்பேக்குக்குப் போவது. அதில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது. மீட்டர் ஓம் அளக்கும்போது அனுப்பும் சிறு மின்னோட்டம்கூட அங்கே ஆபத்துதான்.

ஹீட்டர் கனெக்டரில் தடிமனான கம்பிகள் சூடேற்றுவதற்கு, மெல்லிய இரண்டு கம்பிகள் வெப்பநிலை அளக்கும் தெர்மிஸ்டருக்கு. முதுகுப் பகுதியை அளந்தேன், 4.1 ஓம். உட்காரும் பகுதியில் மீட்டர் எதுவும் காட்டவில்லை. ஒரு கையால் முனைகளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு உள்ளங்கையால் சீட்டை அங்கங்கே அமுக்கிக்கொண்டே வந்தேன். இடது முன்பக்கம் ஓரிடத்தில் அமுக்கியதும் 3.8 என்று காட்டியது. கையை எடுத்ததும் போய்விட்டது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். தெர்மிஸ்டர் 24 கிலோ ஓம் காட்டியது. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும் வகை இது, குளிரக் குளிர ஏறும். கேரேஜில் 5 டிகிரி இருந்ததால் 24 சரியான அளவுதான். ஆக, கோளாறு உட்காரும் மெத்தையின் கம்பியில் மட்டும்.

எந்தக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் கார்பன் இழை ஹீட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. எனக்கு அது சரிப்படாது. என் காரில் சூட்டைக் கட்டுப்படுத்துவது காரின் கணினி. அது தெர்மிஸ்டரைப் படித்துக்கொண்டே கரண்ட்டை விட்டு விட்டுக் கொடுக்கிறது. தடை வேறு, தெர்மிஸ்டர் வேறு என்றால் ஒன்று பிழை காட்டி நின்றுவிடும், அல்லது சூடு எல்லை மீறும். என் அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை, பாதத்திலும் தொடையிலும் உணர்ச்சி குறைவு. அவர்கள் போன்றவர்களுக்குச் சீட் சுடுவதே தெரியாமல் தோல் வெந்துபோகும். அதனால் சூட்டை அளக்கும் அந்தச் சின்ன உறுப்பு விஷயத்தில் நான் சமரசம் செய்துகொள்ளத் தயாராக இல்லை. பழைய ஹீட்டரின் அதே பாக எண்ணுக்குரிய மெத்தையை உதிரிபாகக் கடையில் சொல்லி வரவழைத்தேன். வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆனது.

அந்தப் பன்னிரண்டு நாளில் நாமக்கல்லுக்குப் போன் போட்டேன். என் தாய்மாமா அங்கே லாரி பாடி பட்டறைகளுக்குச் சீட் தைத்துக் கொடுத்தவர். தேங்காய் நார் மெத்தை, மேலே ஃபோம், அதன் மேல் ரெக்ஸின். பள்ளி விடுமுறைகளில் அவருடைய குஷன் கடையில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மின்கார் சீட்டைப் பிரிக்கப் போகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கவரு உள்ளுக்குள்ள எதுல கட்டியிருக்குது கண்ணு?" என்பதுதான். இரும்பு ரிங் என்றேன். "வெட்டி எடுத்துப்போடு, புதுசு வாங்கிக்க. பழசை நெளிச்சுப் பூட்டுனா ஆறு மாசத்துல கழண்டுக்கும்" என்றார்.

சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். மின்காரிலும் ஓட்டத்துக்கான பெரிய பேட்டரியைத் தவிர 12 வோல்ட் சின்னப் பேட்டரி ஒன்று உண்டு. அதைத் துண்டித்த பிறகு மோட்டார் சீட் நகராது என்பதால் வரிசை முக்கியம். சீட்டை முழுதாகப் பின்னே தள்ளி முன் போல்ட் இரண்டையும் தளர்த்தினேன். முழுதாக முன்னே கொண்டுவந்து பின் போல்ட் இரண்டையும் எடுத்தேன். பிறகு நடுவுக்குக் கொண்டுவந்து, உயர்த்தி நிறுத்தினேன். சார்ஜர் வயரை உருவிவிட்டேன். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பக்கத்துக்கும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். கண்ணாடியை இறக்கிவைத்து, பானெட்டையும் திறந்துவைத்தேன். பேட்டரி கழன்ற பிறகு கதவு பூட்டிக்கொண்டால் உள்ளே போக வழி வேண்டுமே. அதற்கப்புறம்தான் 12 வோல்ட் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினேன். ஏர்பேக் பெட்டிக்குள் தேங்கிய மின்சாரம் வடிய என் காரின் கையேடு 3 நிமிடம் சொல்கிறது. நான் கால் மணி நேரம் விட்டேன். குளிர்காலத்தில் இங்கே காற்று மிகவும் வறண்டது, ஸ்வெட்டரைக் கழற்றினாலே பொறி பறக்கும். அதனால் மஞ்சள் கனெக்டரைத் தொடும் முன் கார் உடம்பின் வெற்று இரும்பைத் தொட்டுக்கொண்டேன்.

மின்கார் என்பதால் இன்னும் ஒன்று. சீட்டுக்கு நேர் கீழே, தரைத்தகட்டுக்கு அடியில்தான் பெரிய பேட்டரி படுத்திருக்கிறது. உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடக்கூடாது. கழற்றிய போல்ட்டையே அதே ஓட்டையில் போட வேண்டும், அதைவிட நீளமானது வேண்டாம். வயர் கொண்டுபோக வசதியாக இருக்குமே என்று தரையில் துளை போடும் எண்ணம் வரவே கூடாது.

கதவு ஓரத்தில் பழைய கம்பளியை விரித்து, நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சீட்டை வெளியே எடுத்தோம். இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. கேரேஜில் வைத்துப் பிரித்தால் குளிரில் கவர் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். அதனால் துணி துவைக்கும் அறைக்குள் கொண்டுபோய் இரண்டு மணி நேரம் வைத்தோம். சூடேறிய பிறகு கவர் கைக்கு இளகிக் கொடுத்தது.

பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடி, சீட் நகர்த்தும் பொத்தான்கள், கவரின் விளிம்பை இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்த நீளக் கொக்கிப் பட்டைகள் எல்லாம் அரை மணியில் வந்துவிட்டன. அதன் பிறகுதான் உண்மையான வேலை. சீட்டின் மேல் தெரியும் தையல் பள்ளங்கள் அழகுக்காக மட்டும் இல்லை. கவரின் அடியில் தைத்த கம்பியை, ஃபோமுக்குள் புதைந்த இன்னொரு கம்பியோடு சின்னச் சின்ன ரிங்குகள் கீழே இழுத்துப் பிடித்திருக்கின்றன. அதனால்தான் பள்ளம் பள்ளமாக நிற்கிறது. மொத்தம் 26 ரிங். கவரைச் சுருட்டிக்கொண்டே பள்ளத்துக்குள் பக்கவெட்டுக் குறட்டை விட்டு ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். வெட்டிய துண்டை உடனே எடுத்துத் தட்டில் போட்டு எண்ணிக்கொண்டேன். ஒரு துண்டு உள்ளே தங்கினால் நாளைக்கு அதுவே புது ஹீட்டரைக் குத்தும். தட்டில் 25தான் இருந்தது. இருபத்தாறாவதைத் தேடக் காந்தமும் டார்ச்சுமாக இருபது நிமிடம் போனது. ஃபோமின் பின்மடிப்பில் கிடந்தது.

கவர் போனதும் ஹீட்டர் தெரிந்தது. வெள்ளைப் பஞ்சுத் துணி, அதன் மேல் வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய கம்பி. சாக்பீஸ் குறிக்கு நேர் கீழே மிளகு அளவுக்குக் கறுப்பு, அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஃபோம் பழுப்பேறியிருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அந்தக் கம்பி ஒரே கம்பி இல்லை, ஏழு மயிரிழைகளின் முறுக்கு. ஐந்து இழைகளின் முனை மங்கிக் கறுத்திருந்தது. அவை எப்போதோ அறுந்தவை. மற்ற இரண்டின் முனைகள் உருகி, ஊசி முனையளவு உருண்டையாகப் பளபளத்தன. நடந்தது புரிந்தது. ஒவ்வொரு இழையாக மடங்கி மடங்கி அறுந்திருக்கிறது. ஏழு இழை சுமந்த மின்னோட்டத்தைக் கடைசியில் இரண்டே இழை சுமந்து, அந்த இடம் மட்டும் கொதித்து உருகியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஃபோமைத் தாண்டிக் கவரையும் பொசுக்கியிருக்கும்.

அந்த இடம் சீட்டின் முன் விளிம்பிலிருந்து 17 சென்டிமீட்டர், இடது விளிம்பிலிருந்து 11. அளவுநாடாவைப் பிடித்தபடியே எனக்கு உறைத்தது. கடும் குளிரில் நாம் விடும் மூச்சே கண்ணாடியின் உள்பக்கம் உறைபனியாகப் படியும். தினமும் காலையில் கதவைத் திறந்து, இடது முழங்காலைச் சீட்டில் ஊன்றி, எட்டி அதைச் சுரண்டுவது என் பழக்கம். முழங்காலை வைத்துப் பார்த்தேன். சரியாக அந்த இடம். உட்காரும்போது உடல் எடை முழுச் சீட்டுக்கும் பரவும், முழங்காலில் அது ஒரே புள்ளியில் இறங்கும். மூன்று குளிர்காலம் அந்த ஒரே இடத்தைக் குத்தியிருக்கிறேன். சீட் ஹீட்டர் மேல் முழங்காலை ஊன்றாதீர்கள் என்று கார் கையேட்டிலேயே ஒரு வரி இருக்கிறது, அதை இப்போதுதான் கவனித்தேன். அன்றைக்கே நீளக் கைப்பிடி வைத்த சுரண்டி ஒன்று வாங்கிவிட்டேன்.

அறுந்த இடத்தை மட்டும் ஈயம் வைத்து ஒட்டலாமா என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. கூடாது. ஈயம் பட்ட இடம் விறைத்துவிடும், வளையாது. அதன் ஓரத்திலேயே அடுத்த முறிவு வரும், அதே சூடு, அதே கருகல்.

பழைய மெத்தை இருபக்க ஒட்டுநாடாவால் ஃபோமோடு ஒட்டியிருந்தது. வெடுக்கென்று இழுத்தால் ஃபோம் தோலோடு வந்துவிடும். முடி உலர்த்தியால் லேசாகச் சூடு காட்டி, விரலால் ஃபோமை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உரித்தேன். பழுப்பேறிய ஃபோம் அமுக்கினால் நிமிர்ந்தது, உதிரவில்லை. அதனால் அதை விட்டுவிட்டேன். புது மெத்தையை ஒட்டும் முன் மேசையில் விரித்து அளந்தேன். 3.6 ஓம், தெர்மிஸ்டர் அறை வெப்பத்தில் 12 கிலோ ஓம். பிறகு ஃபோமின் மேல் சுருக்கம், மடிப்பு இல்லாமல் ஒட்டினேன். மடிந்த இடத்தில் இரண்டு அடுக்குச் சூடு சேரும், அதுவே அடுத்த கருகலுக்கு வழி. தெர்மிஸ்டர் பழைய மெத்தையில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் வருமாறு பார்த்துக்கொண்டேன்.

கவரை மூடும் முன் ஒரு சோதனை. மேசையில் வைத்திருக்கும் 12 வோல்ட் மின் சப்ளையில் கரண்ட் வரம்பை 5 ஆம்பியரில் வைத்து இணைத்தேன். 3.3 ஆம்பியர் இழுத்தது, ஏறக்குறைய 40 வாட். காரில் வோல்ட் கொஞ்சம் கூடுதல் என்பதால் அங்கே 50 வரும். கட்டுப்படுத்தும் கணினி இல்லாமல் நேரடியாகக் கொடுப்பதால் பக்கத்திலேயே நின்று, நான்கு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். அகச்சிவப்பு வெப்பமானியை எல்லா இடத்திலும் காட்டினேன், 36 முதல் 39 டிகிரிக்குள் எங்கும் சீராக இருந்தது. ஓரிடம் மட்டும் 50ஐத் தொட்டிருந்தால் அங்கே கோளாறு என்று அர்த்தம்.

கவரைத் திரும்பப் பூட்டுவதில்தான் என் கை தோற்றுப்போனது. நடுப் பள்ளத்தில் கவரின் கம்பியும் ஃபோமின் கம்பியும் ஒன்றையொன்று எட்டவே இல்லை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. கவரை இழுத்துப் பார்த்தேன், தையல் முறுக்கென்றது. உடனே விட்டுவிட்டேன். நாமக்கல்லில் அப்போது இரவு பதினொன்று. தயக்கத்தோடுதான் வீடியோவில் அழைத்தேன். மாமா எழுந்து உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"துணிய இழுக்காத கண்ணு. ஃபோம அமுக்கு. முழங்கை வெச்சு அமுக்குனா உள்ள இருக்குற கம்பி தானா மேல வரும்."

"ஹீட்டர் கம்பி அடியில இருக்குதுங்க மாமா, முழங்கை படலாங்களா?"

"அப்ப ரெண்டு பக்கமும் பலகைத் துண்டு வெச்சு அமுக்கு. பள்ளத்துல கம்பி ஓடாதுல்ல?"

ஓடவில்லை. ஹீட்டர் மெத்தையில் பள்ளம் வரும் இடங்களில் துணியை வெட்டி விட்டிருக்கிறார்கள், கம்பி சுற்றிக்கொண்டு போகிறது. பள்ளத்தின் இருபுறமும் ஒவ்வொரு மரப்பலகையை வைத்து என் மனைவி இரண்டு கையாலும் அமுக்கினாள். ஃபோம் இறங்கியது, கம்பி மேலே வந்து கவரின் கம்பியைத் தொட்டது. ரிங் குறட்டால் ஒரு அழுத்து, பூட்டிக்கொண்டது. நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறிப் போகச் சொன்னார். ஒரு பக்கமாகவே போனால் கடைசியில் தையல் கோணிக்கொள்ளுமாம். 26 ரிங்கும் முடியும்வரை அவர் போனை வைக்கவில்லை.

சீட்டைத் திரும்ப வைத்து எல்லாக் கனெக்டரையும் மாட்டினேன், மஞ்சளைக் கடைசியாக, 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை. நான்கு போல்ட்டையும் கையால் முடுக்கிவிட்டு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கையேடு சொன்ன 45 நியூட்டன் மீட்டரில் முடித்தேன். இந்த அளவு காருக்குக் கார் மாறும், உங்கள் கையேட்டைப் பாருங்கள். விபத்தில் உங்களைப் பிடித்து நிறுத்துவது இந்த நான்கு போல்ட்தான். 12 வோல்ட்டை இணைக்கும்போது காருக்குள் யாரையும் விடவில்லை. கதவருகே வெளியே நின்றபடி கையை மட்டும் நீட்டி காரை உயிர்ப்பித்தேன். ஏர்பேக் விளக்கு எரிந்து, ஆறேழு நொடியில் அணைந்தது. சீட் கழன்றிருக்கும்போது ஒரு முறைகூட காரை இயக்கிப் பார்க்காததால் அதில் பிழைக் குறி எதுவும் பதியவில்லை. கண்ணாடி ஏற்றி இறக்கும் அமைப்பை மட்டும் மறுபடி பழக்க வேண்டியிருந்தது.

பழைய பிழைக் குறியை அழித்துவிட்டு ஹீட்டரைப் போட்டேன். மூன்று விளக்கும் எரிந்தன, நின்றன. இரண்டாவது நிமிடத்தில் தொடைக்கு அடியில் சூடு தெரிந்தது. திங்கட்கிழமை மைனஸ் 19இல் காற்றை 17 டிகிரியில் வைத்துக்கொண்டு அலுவலகம் போய்வந்தேன். முந்தைய வாரம் இதே குளிரில் போய்வர 13 யூனிட் ஆனது, அன்று 11க்குள் முடிந்தது.

சீட்டின் இடது மூலையில் மட்டும் கவர் லேசாகச் சுருங்கி நின்றது. படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். ஈரத்துணி போட்டு ஆவி காட்டி, உள்ளங்கையால் மூலையை நோக்கித் தடவச் சொன்னார். கவர் செயற்கைத் தோல் என்பதால் இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் தள்ளிப் பிடித்து, ஆவியை மட்டும் காட்டி இரண்டு நாள் அப்படிச் செய்தேன், சுருக்கம் போய்விட்டது. சுருக்கம் போன பிறகு எடுத்த படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். "தையல் நேரா நிக்குது" என்றார்.